முழுங்கிவிட்டு மூச்சு விடு

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் பேச்சியம்மாள் நடத்திய மெஸ்ஸில் மூன்று வேளையும் ஆட்கள் சாப்பிட்டார்கள். பேச்சியம்மாள் சாப்பிட்டு மட்டும் யாரும் பார்த்ததில்லை. கடைசி இரண்டு வருஷமாகத்தான் இப்படி. அதற்கு முன்னால் அவளும் எல்லாரையும் போலத் தட்டில் போட்டுப் பிசைந்து, டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டவள்தான்.

சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். புருஷன் பொன்னுசாமிக்கு ஓசூரில் லேத் மெஷினில் வேலை கிடைத்தபோது கூட வந்தாள். அவருடன் வேலை பார்த்த தெற்கத்திக்காரர்கள் நாலைந்து பேர், இங்கே ஓட்டலில் சாம்பாருக்கு வெல்லம் போடுகிறார்கள் என்று துக்கமாக இருந்தார்கள். அந்தத் துக்கத்தைப் போக்கச் சமைத்துப்போட ஆரம்பித்தது, ஆள் சேர்ந்து சேர்ந்து மெஸ் ஆகிவிட்டது. பக்கத்தில் மரம் அறுக்கும் மில் இருந்ததால் மரத்தூள் கிடைத்தது. தகர டிரம்மில் தூளை இடித்து இறுக்கிப் பற்றவைத்தால் அரை நாள் எரியும். சமையலறைக்குத் தகரக் கூரை, ஒரே ஒரு ஜன்னல். காலை ஷிப்டுக்கு இட்லி வேகிற நேரத்தில் பேச்சியம்மாள் புகைக்குள் எந்த மூலையில் நிற்கிறாள் என்பது அவள் இருமலை வைத்துத்தான் தெரியும். பின்னால் கேஸ் அடுப்பு வந்தது. புகை போனது. இருமல் போகவில்லை.

அறுபதை நெருங்கும்போது, மாடிப்படி பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நுரையீரல் டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். ஊதினாள். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "வீட்டுல யாரு பீடி சிகரெட் குடிக்கிறது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றார் பொன்னுசாமி. மீசை முளைத்த நாளிலிருந்து குடிக்கிறவர்.

டாக்டர் அவரையும் ஊதச் சொன்னார். அவருடைய நுரையீரல் நன்றாக இருந்தது. வயசுக்கு ரொம்பவே நன்றாக இருக்கிறது என்று டாக்டர் மறுபடியும் பார்த்துச் சொன்னார். பேச்சியம்மாளுக்குத்தான் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அடுப்புப் புகையும் பீடிப்புகையும் நுரையீரலுக்கு ஒன்றுதான், இது முழுசாகக் குணமாகிற நோய் இல்லை, கட்டுக்குள் வைக்கலாம் என்று சொல்லி, வாயில் வைத்து அமுக்கி இழுக்கிற பம்ப்பை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் பொன்னுசாமி வெட்கத்தோடு நடந்தார். பஸ் ஸ்டாண்டு வந்து சேர்வதற்குள் அந்த வெட்கத்தில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்ததைப் பேச்சியம்மாள் பார்த்தாள். அன்றைக்கே பீடியை விட்டுவிட்டார் என்பதால் திட்டவும் வழியில்லை.

பம்ப்பு வேலை செய்தது. ஆனால் அதற்குப் பிறகு தொண்டைத் தகராறு ஆரம்பித்தது. முதலில் ரசத்தில். ஒரு வாய் போட்டாள், அது போக வேண்டிய வழியில் போகாமல் வேறெங்கோ போனது. கண்ணில் தண்ணீர் வர இருமினாள். ரசத்தில் மிளகு கூடிவிட்டது என்று நினைத்தாள். மறுவாரம் வெறும் தண்ணீரிலேயே அப்படி ஆனது. தண்ணீரில் மிளகு இல்லை.

போகப்போக, வாய்க்குப் போகிற ஒவ்வொரு கவளமும் பயமானது. நாலு கவளத்துக்குள் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கும்போது முழுங்கினால் புரையேறும். மெஸ் நடத்துகிறவள் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கும் வாயும் ஒழுக இருமினால் அந்தச் சோற்றை யார் தின்பார்கள்? அதனால் எல்லாரும் போன பிறகு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, குழைத்த சோற்றில் பாதி சாப்பிட்டுவிட்டு மீதியைக் கொட்டுவாள். தொளதொளத்த ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். கைவளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

ஓசூரில் ஒரு கஷ்டம், யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். பக்கத்து வீட்டு நாகம்மா பேரிகை கிராமத்தில் தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே வந்து வீடு கட்டியவள். தமிழில் ஆரம்பித்து கன்னடத்தில் போய் தெலுங்கில் முடிப்பாள். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தினமும் அவள் தலை தெரியும்.

"பேச்சியக்கா, ஊட்டா ஆச்சா?"

"ஆச்சு."

"எப்ப ஆச்சு? நானும் பாத்துக்கினே கீறேன், நீங்க ஒக்காந்து துன்னதே இல்லையே."

ஒரு நாள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லாமல், "இன்னைக்கு விரதம்," என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமையும் அதையே சொன்னாள். அடுத்த வாரம் நாகம்மா கேட்கவே இல்லை. தெருவில் மற்றவர்களிடம் சொல்லிவிட்டாள்.

பேச்சியம்மாள் உடம்பு மெலிந்துகொண்டு வருவதற்கும், மாடிப்படியில் நின்று கண்ணை மூடிக்கொள்வதற்கும் இப்போது தெருவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அம்மனுக்கு விரதம் இருக்கிறாள். அதுவும் சாதாரண விரதம் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் குங்குமத்தோடு வந்து நின்றார்கள். மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று ஒருத்தி கேட்டாள். "அமையும்," என்றாள் பேச்சியம்மாள், மூச்சு வாங்கியதால் அதற்கு மேல் பேச முடியாமல். அந்தச் சுருக்கமான பேச்சு எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு வரனும் அமைந்துவிட்டது.

"ஏளா, இது நல்லாயில்ல," என்றார் பொன்னுசாமி. "ஒரு நா தெரிஞ்சா என்ன சொல்லுவாக? புரையேறுதுன்னு சொல்லிட்டுப் போயேன்."

"புரையேறுதுன்னு சொன்னா, அவ போட்ட சோத்துல என்ன கெடந்துச்சோன்னு பேசுவாக. மெஸ்ஸ மூடிட்டு நீரு லேத்துல போயி நிப்பீராக்கும்?"

அவர் ரிட்டயர் ஆகிப் பல காலம் ஆகிவிட்டது.

ஆடி மாதம் தெருமுனை மாரியம்மன் கோயிலில் திருவிழா. கோயிலை ஒட்டி போர் போட்டு, தெருவுக்கே தண்ணீர் எடுக்கலாம் என்று இளவட்டங்கள் முடிவு செய்து, இடத்தைக் குறித்து, அதில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்திருந்தார்கள். முதல் தீர்த்தம் பேச்சியம்மாளுக்குத்தான் என்று நாகம்மா முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். அத்தனை பேர் பார்க்க எப்படி மறுப்பது? பூசாரி உள்ளங்கையில் ஊற்றினார். மஞ்சள் கலந்த தண்ணீர், ஒரு ஸ்பூன் இருக்கும். பேச்சியம்மாள் அம்மனைப் பார்த்தாள். கண்ணை மூடிக் குடித்தாள்.

குடித்தது வயிற்றுக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கியது. மூச்சு நின்றது. முகம் சிவந்து, பிறகு கருத்தது. கழுத்து நரம்பு புடைக்க, முன்னும் பின்னும் ஆடினாள். கொண்டை அவிழ்ந்து விழுந்தது. தொண்டையிலிருந்து மனுஷக் குரல் இல்லாத ஒரு சத்தம் வந்தது.

"சாமி வந்துருச்சு!" என்றார்கள்.

மேளக்காரன் வேகத்தைக் கூட்டினான். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். நாகம்மா காலில் விழுந்து, "தாயே, வாக்கு சொல்லு தாயே," என்றாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு பொன்னுசாமி வருவதற்குள் இன்னொருத்தி சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்து வாயருகே கொண்டுபோனாள். பேச்சியம்மாள் உயிரைத் திரட்டிச் சொம்பைத் தட்டிவிட்டாள்.

"தண்ணி வேண்டாம்," என்றாள், கரகரத்த குரலில். "இங்க தண்ணி வேண்டாம்."

மேளம் நின்றது. எல்லாரும் எலுமிச்சம்பழம் இருந்த இடத்தைப் பார்த்தார்கள்.

அந்த வாரமே போர் லாரி தெருவின் கிழக்குக் கோடிக்குப் போனது. பேச்சியம்மாள் அதைப் பார்க்கவில்லை. காய்ச்சலும் நெஞ்சுவலியுமாக அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூச்சுக்குழாயில் இறங்கியது நுரையீரலில் தங்கி நிமோனியா ஆகியிருந்தது. ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு மீட்டார்கள்.

தேறி வரும்போது டாக்டர், "சாப்பிடும்போது இருமல் வருமா?" என்று கேட்டார். பேச்சியம்மாள் இல்லையென்று தலையாட்டினாள். பொன்னுசாமி ஆமென்று தலையாட்டினார். டாக்டர் இரண்டு தலைகளையும் பார்த்துவிட்டு, பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்.

"எனக்குப் பேச்சுல ஒரு கொறையும் இல்லயே," என்றாள் பேச்சியம்மாள்.

"அதுல ஒரு சந்தேகமும் இல்ல," என்றார் பொன்னுசாமி.

அந்தப் பிரிவில் இருந்தவள் பிரியதர்ஷினி. கிருஷ்ணகிரிப் பெண். பேச வைப்பது பாதி வேலை, முழுங்க வைப்பது மீதி வேலை என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டார்கள். அதன் நுனியில் கேமரா. பச்சை நிறம் கலந்த கஞ்சியை ஸ்பூனில் கொடுத்து முழுங்கச் சொன்னார்கள். எதிரே டிவியில் பேச்சியம்மாள் தன் தொண்டையைத் தானே பார்த்தாள்.

"கஞ்சி கட்டி தட்டியிருக்கு," என்றாள் குழாயோடு.

"அப்புறம் சொல்லுங்கம்மா. இங்க பாருங்க. முழுங்குறீங்க. முழுங்கின ஒடனே மூச்ச உள்ள இழுக்குறீங்க. அதோ, பச்சை கலர் மூச்சுக்குழா வாசல்ல நிக்குது பாருங்க."

நின்றது. கதவுக்கு வெளியே வந்து நிற்கும் விருந்தாளி மாதிரி நின்றது. பிறகு உள்ளே நழுவியது. அதன் பிறகுதான் பேச்சியம்மாள் இருமினாள். அந்த இருமலும் பலமாக இல்லை. பச்சை அசையவே இல்லை.

முழுங்குகிற அந்த நொடி எல்லாரும் மூச்சை நிறுத்திக்கொள்கிறோம், முழுங்கி முடித்ததும் மூச்சை வெளியே விடுகிறோம், அதனால் வழியில் தங்கிய பருக்கை உள்ளே போவதில்லை என்றாள் பிரியதர்ஷினி. மூச்சே பற்றாதவர்களுக்கு அந்த ஒரு நொடிகூடப் பொறுக்க முடியாது, அவசரத்தில் உள்ளே இழுத்துவிடுவார்கள்.

"ஷிப்டு மாறுறப்ப கேட்டுல உள்ள போறவனும் வெளிய வாரவனும் முட்டிக்கிடுற மாதிரி," என்றார் பொன்னுசாமி.

"அதேதான்," என்றாள் பிரியதர்ஷினி. பொன்னுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் மேஜையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குழலை எடுத்தாள். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி. மூக்கைக் கிளிப்பால் அடைத்துக்கொண்டு, குழலைக் கடித்து, பலமாக ஊத வேண்டும். பலம் போதுமானால் மூடி திறந்து புஸ்ஸென்று காற்று போகும். போதாவிட்டால் ஒன்றும் நடக்காது. பின்பக்கத் திருகை இறுக்க இறுக்க வேலை கூடும். ஊதுகிற தசையும், இருமுகிற தசையும், தாடைக்கடியில் தொண்டையைத் தூக்குகிற தசையும் இதில் சேர்ந்து வலுவாகும்.

"நுரையீரல் சரியாயிருமா?"

"ஆகாதும்மா. பொய் சொல்ல மாட்டேன். சோறு சரியான வழியில போக இது உதவலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்காது. செஞ்சுதான் பாக்கணும். தலை சுத்தினா, நெஞ்சு வலிச்சா நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

வீட்டுக்கு வந்து முதல் தடவை ஊதினாள். ஒன்றும் நடக்கவில்லை. கன்னம் மட்டும் பூரி மாதிரி உப்பியது. மறுபடி ஊதினாள். காது அடைத்தது. திருகு மிகத் தளர்ந்த நிலையில்தான் இருந்தது.

"பழுதா இருக்கும், குடு பாப்போம்," என்று பொன்னுசாமி வாங்கி, வாய் வைக்கிற பக்கத்தைக் கழுவி, ஊதினார். புஸ்ஸென்று திறந்தது. திருகை இறுக்கிவிட்டு ஊதினார். திறந்தது. கடைசி வரை இறுக்கிவிட்டு ஊதினார். அப்போதும் திறந்தது. "ஏளா, இது சும்மா கெடந்தாலே தெறக்கும் போலயே," என்றார்.

பேச்சியம்மாள் குழலை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பீடி குடித்த மனுஷனுக்குத் திறக்கிறது. அவருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் ஆக்கிப்போட்டவளுக்குத் திறக்கவில்லை. டாக்டர் ரூமில் வராத அழுகை இப்போது வந்தது. அழும்போது இருமலும் வந்தது. இரண்டையும் முடித்துவிட்டு, திருகைப் பழையபடி தளர்த்தி, மூக்கில் கிளிப்பை மாட்டி, அவர் முகத்தை நினைத்துக்கொண்டு ஊதினாள். மூடி லேசாக அசைந்தது. ஊசிமுனை அளவு காற்று போனது.

அதிலிருந்து தினமும் ஊதினாள். ஊதுகிறபோதெல்லாம் அவர் முகத்தையே நினைத்தாள். பக்தியோடு செய்கிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். கொஞ்ச நாளில் புஸ் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிரியதர்ஷினி திருகை ஒரு சுற்று இறுக்கிவிட்டாள். மறுபடி சத்தம் நின்றது. மறுபடி வந்தது. சாப்பிடவும் அவளே சொல்லிக் கொடுத்தாள்: நிமிர்ந்து உட்கார், சின்னக் கவளம், முழுங்கு, முழுங்கியதும் மூச்சை வெளியே விடு, வாயில் சோறு இருக்கும்போது பேசாதே. கடைசிப் பாடம்தான் கஷ்டமாக இருந்தது.

தாளிக்கிற புகை ஆகாது என்பதால் தாளிப்பு பொன்னுசாமிக்கு வந்து சேர்ந்தது. அவர் கடுகு பொரிவதற்கு முன்னால் எண்ணெயைக் குழம்பில் கொட்டினார். மெஸ்ஸில் முணுமுணுப்பு எழுந்தது. மணிவேல் என்று ஒரு பையன், பேரிங் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறவன், ஒவ்வொரு நாளும் குழம்பை முகர்ந்து பார்த்து ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் ஊற்றிக்கொண்டான். ஆனால் யாரும் மெஸ்ஸை விட்டுப் போகவில்லை.

நாகம்மாவுக்குச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு காலையில் சுவருக்கு மேலே தலை வந்தது. "அக்கா, ஒங்க வூட்ல பாம்பு பூந்துக்கிச்சா? புஸ்ஸு புஸ்ஸுங்குது."

பேச்சியம்மாள் குழலோடு சுவர்ப்பக்கம் போனாள். இதற்கு மேல் பாம்பையும் சமாளிக்க அவளால் ஆகாது. விரதம் பொய், முழுங்க முடியாததுதான் நிஜம், கோயிலில் வந்தது சாமி இல்லை, புரை என்று சொன்னாள். தண்ணீர் வேண்டாம் என்றது அந்தச் சொம்புத் தண்ணீரை என்றும் சொன்னாள். நாகம்மா எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப போரு?"

"போருன்னு நான் ஒண்ணும் சொல்லலயே நாகம்மா."

"கெழக்கால போட்டதுல எப்பிடி தண்ணி வருது தெரியுமா? கல்கண்டு மாதிரி. கோயிலாண்ட போட்டிருந்தா மொத்தம் பாறையாம், லாரிக்காரனே சொன்னான்." நாகம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒங்களுக்குத் தெரியாது அக்கா. சாமி வர்றவங்களுக்குத் தெரியாதாம்."

பேச்சியம்மாள் வாதாடவில்லை. மூச்சை மிச்சப்படுத்திக்கொண்டாள். ஆனால் நாகம்மா போகும்போது, "இத்தினி நாளா சொல்லாம பட்டினி கெடந்தியே, என்னாண்ட சொன்னா மெத்துனு ராகிக் கஞ்சி காய்ச்சித் தர மாட்டேனா," என்று ஒருமையில் திட்டிவிட்டுப் போனாள். மத்தியானம் கஞ்சி வந்தது. கட்டி தட்டவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம் மறுபடியும் மூக்கில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பச்சை வந்தது, வாசலில் ஒரு கணம் நின்றது, பேச்சியம்மாள் மூச்சை வெளியே விட்டாள், அது பின்பக்கம் உணவுக்குழாய்க்குள் போய்விட்டது. ஒரே ஒரு தடவை தப்பிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தது. உடனே இருமினாள். டிவியில் படமே அதிர்ந்தது. பச்சை வெளியே வந்து விழுந்தது. பிரியதர்ஷினி கைதட்டினாள். அதே நாளில் நுரையீரல் டாக்டர் ஊதச் சொன்ன குழாயில் முன்னைக்கு இப்போது பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. மாடிப்படியில் இன்னும் நிற்க வேண்டியிருந்தது. பொரி, அவல், வேர்க்கடலை வேண்டாம் என்றார்கள். உடம்பில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தாள்.

தை மாதம் நாகம்மாவின் அண்ணன் மகள் அனிதாவுக்குக் கல்யாணம். பாகலூர் ரோட்டில் ஒரு மண்டபம். பேச்சியம்மாளை வாசலில் பார்த்த பேரிகைப் பெண்கள் இரண்டு பேர் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருத்தி, "அவங்க துன்ன மாட்டாங்கடி," என்றாள். பேச்சியம்மாள் நேராகப் பந்திக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்தாள். பொன்னுசாமி பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஊறவைத்த பயத்தம்பருப்பில் கோசம்பரி வந்தது. போளி மாதிரி ஒப்பட்டு வந்தது, மேலே நெய் ஊற்றினார்கள். கிள்ளினாள், மென்றாள், முழுங்கினாள், மூச்சு விட்டாள். இனிப்பு தொண்டைக்குள் இறங்குவது தெரிந்தது. அடுத்தது கிள்ளினாள். சாதம் வந்தது. சின்னச் சின்னதாக உருட்டினாள். வரிசையில் எல்லாரும் சாம்பார் முடித்து, ரசம் முடித்து, மோர் குடித்து எழுந்துவிட்டார்கள். பேச்சியம்மாள் சாம்பாரில் இருந்தாள். அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். மேஜைத் தாளைச் சுருட்டிக்கொண்டே வந்த ஆள் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஆச்சாம்மா?" என்றான்.

அவள் வாயில் சோறு இருந்தது. அவனைப் பார்த்தாள். முழுங்கினாள். மூச்சு விட்டாள்.

"பெரியவரே, நீங்களாவது எழுந்துக்குங்க. எல மடிச்சாச்சே, நாங்க ஒக்காரணும்," என்றார் பின்னால் நின்ற ஒருவர், பொன்னுசாமியின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு.

பொன்னுசாமி மடித்த இலையைப் பார்த்தார். பேச்சியம்மாளின் இலையைப் பார்த்தார். அதில் இன்னும் பாதிச் சாதம் இருந்தது. தன் இலையை மெதுவாகப் பிரித்து, உள்ளங்கையால் தடவி நேராக்கினார்.

"தம்பி," என்று பரிமாறுகிறவனைக் கூப்பிட்டார். "இங்கன கொஞ்சம் சாதம் போடு."